நான்கு கோபுரங்களா, ஐந்தா? ஒரு சிறு போர்த்துகீசிய நகராட்சிக் கொடியை நாங்கள் தவறாக வரைந்ததும் திருத்தியதும்

பின்னணி

நாங்கள் ஐந்து பேர். பல நாடுகளின் உள்ளாட்சிக் கொடிகளையும், கேடய வடிவில் அமைந்த மரபுச்சின்னங்களையும் கணினியில் திருத்தமாக வரைந்து தொகுப்பது எங்கள் ஓய்வுநேர வேலை. ஊதியம் கிடையாது. ஆனால் பள்ளிக்கூடங்களும் உள்ளூர் இதழ்களும் எங்கள் படங்களை எடுத்துப் பயன்படுத்துவதால், நாங்கள் செய்யும் தவறு எங்களோடு நின்றுவிடுவதில்லை. இந்த ஆய்வு அப்படி நின்றுவிடாத ஒரு தவறைப் பற்றியது. போர்த்துகலின் உள்நாட்டுப் பகுதியில் உள்ள ஒரு சிறிய நகராட்சியின் கொடியைத் தவறாக வரைந்து வெளியிட்டோம். அதைச் சரிசெய்யப் பல மாதங்கள் ஆயின. ஊரின் பெயரை இங்கே சொல்லவில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடம் அது. பெயரைச் சொன்னால் இதில் வருகிற மனிதர்களை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

போர்த்துகலில் 308 நகராட்சிகள் இருக்கின்றன. 'நகராட்சி' என்ற நம் சொல் இங்கே முழுவதும் பொருந்தாது. ஒரு தலைமை ஊர், அதைச் சூழ்ந்த கிராமங்கள், மலை, காடு, ஆறு எல்லாம் சேர்ந்த பரப்புதான் அங்கே ஒரு நகராட்சி. அதற்குள் பல 'ஃப்ரெகேசியா'க்கள் உண்டு. கத்தோலிக்கப் பங்குகளிலிருந்து வளர்ந்த ஆட்சிப் பிரிவு என்பதால் அதைப் 'பங்கு' என்றே எழுதுகிறேன். நகராட்சிக்கும் கொடி உண்டு, பங்குக்கும் கொடி உண்டு. தலைமை ஊரின் பெயரையே நகராட்சியும் ஒரு பங்கும் தாங்கி நிற்பது சாதாரணம். எங்கள் குழப்பத்தில் ஒரு பாதி இங்கிருந்து தொடங்கியது.

இந்தச் சின்னங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. இடைக்கால முத்திரைகளிலும், ஊர் நடுவே நின்ற கல்தூண்களிலும், நீரூற்றுச் சுவர்களிலும் அவை செதுக்கப்பட்டிருந்தன. ஒரே ஊரின் சின்னம் நூற்றாண்டுக்கு ஒரு விதமாக இருந்ததும் உண்டு. 1930 ஏப்ரல் 14 அன்று உள்துறை அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லா நகராட்சிகளும் தங்கள் சின்னத்தையும் கொடியையும் முத்திரையையும் முறைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றது அது. கருத்துரை வழங்கும் பொறுப்பு போர்த்துகீசியத் தொல்லியலாளர் சங்கத்தின் மரபுச்சின்னப் பிரிவுக்கு வந்தது. 1863இல் தொடங்கிய அந்தச் சங்கம், 1755 நிலநடுக்கத்தில் கூரை சரிந்த லிஸ்பனின் கார்மு மடத்தில் இயங்குவது. அங்கிருந்து அஃபோன்சு தெ தோர்னேலஸ் என்ற மரபுச்சின்ன அறிஞர் எழுதிய கருத்துரைகள்தாம் இன்று நாம் காணும் போர்த்துகீசிய ஊர்க்கொடிகளின் தோற்றத்தைப் பெரிதும் முடிவுசெய்தன. அடி வளைந்த கேடயம், மேலே வெள்ளியில் மதில் முடி (கோட்டை மதில் வடிவிலான கிரீடம்), கீழே ஊர்ப்பெயர் தாங்கிய வெள்ளை நாடா என்ற ஒழுங்கு அப்போதுதான் நாடு முழுவதும் பரவியது. 1991 ஆகஸ்ட் 7 அன்று வந்த 53/91 எண் சட்டம் இந்த மரபை விரிவான விதிகளாக்கியது.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இரண்டு விதிகள் வேண்டும். முதலாவது முடி. தலைமை ஊர் 'வீலா', அதாவது பேரூர் என்றால், மதில் முடியில் நான்கு கோபுரங்கள் தெரியும். 'சிடாடே', அதாவது நகரம் என்றால் ஐந்து. தலைநகர் லிஸ்பனுக்கு மட்டும் முடி பொன்னால் ஆனது. இரண்டாவது கொடி. நகரத்தின் கொடி நடுவிலிருந்து எட்டு முக்கோணத் துண்டுகளாக விரியும். பேரூரின் கொடி நான்கு கட்டங்களாக இருக்கும், அல்லது ஒரே நிறமாக இருக்கும். ஆகவே ஒரு கொடியைத் தூரத்திலிருந்து பார்த்தே அந்த ஊரின் தகுதியைச் சொல்லிவிடலாம். இதைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கைதான் எங்களை வீழ்த்தியது.

முதலில் கண்டவை

இந்த நகராட்சியை வரையும் பொறுப்பு எங்களில் இளையவருக்கு வந்தது. அவர் கைக்குக் கிடைத்தவை ஐந்து படங்கள். ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

நகராட்சி அலுவலகத்தின் கடிதத்தாளில் இருந்த வண்ணச் சின்னத்தில் கோட்டை சாம்பல் நிறத்தில் இருந்தது. முடியில் ஐந்து கோபுரங்கள். அலுவலக வாசலில் பறந்த கொடியின் புகைப்படம் ஒன்று இருந்தது. அதில் சிவப்பும் மஞ்சளுமாக நான்கு கட்டங்கள். பார்ப்பவருக்கு இடப்பக்க மேல்கட்டம் சிவப்பு. கொடி நடுவே இருந்த சின்னத்தில் மரம் பார்ப்பவருக்கு வலப்பக்கம். ஒரு சுற்றுலாக் கையேட்டிலும் அதே நான்கு கட்டங்கள்தாம். ஆனால் இடப்பக்க மேல்கட்டம் மஞ்சள், மரம் இடப்பக்கம். ஒரு பழைய சிறுநூலில் நிறமில்லாத கோட்டுப்படம். முடியில் நான்கு கோபுரங்கள். கோட்டைச் சுவர் முழுக்க நெருக்கமான நிலைக்கோடுகள். ஐந்தாவது படத்தில் கோட்டையே இல்லை. ஒரு தேவாலயமும் திராட்சைக் குலையும் இருந்தன.

ஐந்தாவது படம் பங்கினுடையது என்பதை இன்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவோம். போர்த்துகலில் பங்குகளில் மிகப் பெரும்பாலானவை 1991 சட்டத்துக்குப் பிறகே சின்னம் பெற்றன. அன்று அது எங்களுக்குத் தோன்றவில்லை. நகராட்சி தன் சின்னத்தை மாற்றிவிட்டதோ என்று இரண்டு வாரம் வீணாகத் தேடினோம்.

நாங்கள் உறுதியாக அறிந்த செய்தி ஒன்றே ஒன்றுதான். அந்தத் தலைமை ஊர் சில பத்தாண்டுகளுக்கு முன் நகரமாக உயர்த்தப்பட்டிருந்தது. 1982ஆம் ஆண்டின் 11/82 எண் சட்டப்படி, நகரமாக வேண்டுமானால் தொடர்ச்சியான குடியிருப்பில் 8,000க்கு மேற்பட்ட வாக்காளர்கள் இருக்க வேண்டியிருந்தது. மருத்துவமனை, தீயணைப்புப் படை, நூலகம் போன்ற வசதிகளில் பாதியாவது தேவைப்பட்டது. வரலாற்று, பண்பாட்டுச் சிறப்புள்ள ஊர்களுக்கு இந்தக் கணக்கைத் தளர்த்தவும் சட்டம் இடம் தந்தது. இந்த ஊர் அந்த வழியில் உயர்ந்தது. சிறிய ஊர் நகரமாக இருப்பது போர்த்துகலில் புதிதும் அல்ல. எல்லையோரத்து மிராண்டா து டோரு 1545இலிருந்தே நகரம்.

முதல் முடிவு

ஐந்து படங்களும் முரண்பட்டபோது, விதியைக் கொண்டு தீர்த்துவிடலாம் என்று முடிவுசெய்தோம். ஊர் நகரம், எனவே ஐந்து கோபுரங்கள். ஊர் நகரம், எனவே கொடி எட்டுத் துண்டு. அலுவலகத்தின் கடிதத்தாளே ஐந்து கோபுரங்களைக் காட்டியது எங்களுக்குத் துணிவு தந்தது. வாசலில் பறந்த நான்கு கட்டக் கொடியைப் பழைய துணி என்று தள்ளிவிட்டோம்.

நிறத்திலும் எங்கள் அறிவை மிஞ்சவிட்டோம். சின்னத்தின் புலம், அதாவது கேடயத்தின் பின்னணி, வெள்ளி; அதன்மேல் கோட்டை. சின்னத்துறையில் வெள்ளி என்றால் வெள்ளை, பொன் என்றால் மஞ்சள். ஆகவே கொடியில் சிவப்போடு வெள்ளைதான் இருக்க வேண்டும், மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். இந்தக் கேள்வி தவறு. போர்த்துகீசிய ஊர்க்கொடியின் நிறம் பொதுவாகக் கேடயத்தின் புலத்திலிருந்து வருவதில்லை, அதில் உள்ள முதன்மை உருவங்களிலிருந்து வருகிறது. லிஸ்பனைப் பார்த்தாலே தெரியும். அதன் கேடயத்தின் புலம் பொன். கொடியில் மஞ்சளே கிடையாது. கறுப்புக் கப்பல், வெள்ளிப் பாய், முன்னும் பின்னுமாக அமர்ந்த இரண்டு காகங்கள் ஆகியவற்றிலிருந்து கறுப்பும் வெள்ளையும் எடுத்து எட்டுத் துண்டாகக் கொடி ஆனது. லிஸ்பன் கொடியை எங்களில் மூன்று பேர் முன்பே வரைந்திருந்தோம். வரைந்தும் அதன் காரணத்தை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆக, வெள்ளையும் சிவப்புமாக எட்டுத் துண்டு, ஐந்து கோபுரங்கள், மரம் வலப்பக்கம் என்று ஒரு கொடி தயாரானது. அப்படி ஒரு கொடி அந்த ஊரில் எந்தக் காலத்திலும் பறந்ததில்லை. நான்தான் அதைச் சரிபார்த்து வெளியிட ஒப்புதல் தந்தேன்.

ஒரு கடிதம்

ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து அந்த ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு எழுதினார். கோபமில்லாத கடிதம். தன் பேத்தி பள்ளியில் ஊர்க்கொடியை வரைந்து வந்ததாகவும், அது எங்கள் படத்தைப் பார்த்து வரைந்தது என்றும், தன் வாழ்நாளில் அப்படி ஒரு கொடியைத் தான் கண்டதில்லை என்றும் எழுதியிருந்தார். உடன் ஒரு புகைப்படம். ஊர்வலத்தில் தூக்கிச்செல்லும் பட்டுக்கொடி. போர்த்துகலில் இவ்வகைக் கொடி ஒரு மீட்டர்ச் சதுரமாக, பூத்தையல் செய்து, கயிறும் குஞ்சமும் கட்டி இருக்கும். நூல் நைந்து போன அந்தப் பட்டில் நான்கு கட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. முடியின் கோபுரங்களையும் எண்ண முடிந்தது. நான்கு.

எங்கள் முதல் எதிர்வினை நன்றாக இல்லை. பட்டுக்கொடி ஊர் உயர்வுக்கு முந்தையதாக இருக்கலாம், விதிப்படி எங்கள் படம் சரி என்று ஒருவர் பதில் வரைவு எழுதினார். அதை அனுப்பவில்லை. அனுப்பாமல் தடுத்தது எங்கள் மூத்த உறுப்பினர் கேட்ட ஒரு கேள்வி: இந்தச் சின்னத்தின் சட்ட உரையை நம்மில் யாராவது படித்தோமா?

யாரும் படிக்கவில்லை.

உரையைத் தேடிய கதை

மரபுச்சின்னம் என்பது அடிப்படையில் ஒரு படம் அல்ல; ஒரு வாசகம். 'இன்ன நிறப் புலத்தில் இன்ன நிறத்தில் இன்ன உருவம்' என்று சொற்களால் வரையறுத்ததை எந்தக் கலைஞனும் தன் கைப்பாணியில் வரையலாம். கோட்டையின் கல் சற்றுப் பெரிதாக இருக்கலாம், மரத்தின் இலை சற்று அகலமாக இருக்கலாம். வாசகத்துக்கு உட்பட்டிருந்தால் அனைத்தும் அதே சின்னந்தான். போர்த்துகலில் இந்த வாசகத்தை 'ஓர்டெனசாவ்' என்கிறார்கள். அது அரசிதழில் வெளியாகும். அந்த அரசிதழுக்கு 1976 வரை 'தியாரியு து கொவெர்னு' என்று பெயர். அதன் பிறகு 'தியாரியு தா ரெபூப்ளிகா'. பெயர் மாற்றம் தெரியாமல் தேடினால் பழையது அகப்படாது. எங்களுக்கும் முதலில் அகப்படவில்லை.

1930களின் ஓர் அமைச்சக ஆணையாக அந்த வாசகம் கிடைத்தது. அரைப் பக்கம்கூட இல்லை. அதைப் படித்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஐந்து படங்களின் சண்டையையும் அந்த அரைப் பக்கம் ஒரு மணி நேரத்தில் தீர்த்திருக்கும்.

ஆனால் தீரவில்லை. எங்களில் யாருக்கும் போர்த்துகீசியம் சரளமாகத் தெரியாது. கணினி மொழிபெயர்ப்பில் போட்டோம். கோட்டை 'கறுப்பில் உழப்பட்டது' என்றும், 'பொன்னில் ஒளியேற்றப்பட்டது' என்றும், மரம் 'பிடுங்கப்பட்டது' என்றும் வந்தது. இளையவர் அதை நம்பி, சாளரங்களிலிருந்து மஞ்சள் ஒளி வீசுகிற ஒரு கோட்டையை வரைந்துகாட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. சொல் சொன்னதை அவர் வரைந்தார்.

உழவுக்கான 'லவ்ராடு' என்ற சொல்லுக்குச் சின்னத்துறையில் பொருள் வேறு. சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான கட்டுக்கோடுகளை இன்ன நிறத்தில் போடு என்பது அதன் பொருள். 'இலுமினாடு' என்றால் விளக்கு எரிவதல்ல, சாளரத் துளைகள். 'அபெர்டு' என்றால் வாசல். 'பொன்னால் அபெர்டு, இலுமினாடு' என்றால் வாசலும் சாளரங்களும் பொன்நிறம், அவ்வளவுதான். 'அர்ரன்காடு' என்றால் மரம் மேட்டில் நில்லாமல், வேர்கள் தெரியத் தனியாக நிற்க வேண்டும். நாங்கள் மரத்தை ஒரு பச்சை மேட்டின்மேல் நட்டிருந்தோம். முடியின் கோபுரங்களைச் சொல்லும்போது 'அபரென்டெஸ்' என்று ஒரு சொல் வரும். முடி வட்டமானது; பின்பக்கத்திலும் கோபுரம் இருக்கும்; கண்ணுக்குத் தெரிகிறவை இத்தனை என்பதே அந்தச் சொல். இத்தகைய சொற்களை நாங்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனோம். நாற்பதைத் தாண்டியது.

திசையும் எங்களை ஏமாற்றியிருந்தது. சின்ன வாசகத்தில் 'வலம்' என்பது கேடயத்தைப் பிடித்திருப்பவனின் வலம். பார்ப்பவருக்கு அது இடம். வாசகம் மரத்தை வலத்தில் வைத்தது. எனவே படத்தில் அது நம் இடப்பக்கம் வர வேண்டும். அப்படியானால் அலுவலக வாசல் புகைப்படத்தில் மரம் ஏன் வலப்பக்கம் இருந்தது? இடப்பக்க மேல்கட்டம் ஏன் சிவப்பாக இருந்தது? புகைப்படத்தை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தோம். கொடியைப் பின்பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். மெல்லிய துணியில் அச்சிட்ட கொடி அது. சாயம் ஊடுருவிப் பின்னால் எல்லாம் இடம்வலமாக மாறித் தெரிந்தது. நாடாவின் எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறித்தான் இருந்தன. காற்றில் மடிந்திருந்ததால் அதை நாங்கள் கவனிக்கவில்லை.

சாம்பல் கோட்டைக்கு விடை அந்தப் பழைய சிறுநூலில் இருந்தது. வாசகம் கோட்டையைச் சிவப்பு என்றது. நிறமில்லாத கோட்டுப்படத்தில் சுவர் முழுக்க இருந்த நிலைக்கோடுகளை நாங்கள் வெறும் நிழல் என்று எண்ணியிருந்தோம். அவை நிறக்குறிகள். 17ஆம் நூற்றாண்டில் சில்வெஸ்டர் பெத்ரா சாங்க்தா என்ற இயேசு சபைத் துறவி பரப்பிய முறை அது. நிலைக்கோடு என்றால் சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன், வெறுமை வெள்ளி, சாய்கோடு பச்சை. சாய்வின் திசை மாறினால் ஊதா. நிலையும் கிடையும் குறுக்கிட்டால் கறுப்பு. அச்சகத்தில் வண்ணம் இல்லாத காலத்திலும் இந்த முறையால் நிறம் தப்பிப் பிழைத்தது. அந்தச் சிறுநூலின் படத்தைச் செதுக்கிய பெயர் தெரியாத கலைஞன் உண்மையைச் சரியாகச் சொல்லியிருந்தான். அலுவலகக் கடிதத்தாளில் கோட்டை எப்படிச் சாம்பலானது என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை. கோட்டை கல் என்பதால் கல்லின் நிறத்தை யாரோ பூசியிருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம்.

இரண்டாம் முடிவும் அதன் காரணங்களும்

வாசகம் சொன்னது இதுதான். வெள்ளிப் புலம். அதில் சிவப்புக் கோட்டை, கறுப்புக் கட்டுக்கோடுகள், பொன் வாசலும் சாளரங்களும். அதன் வலத்தில் வேரோடு பச்சைச் செஸ்ட்நட் மரம்; கனி பொன். இடத்தில் ஊதாத் திராட்சைக் குலை, இலை பச்சை. அடியில் நீலமும் வெள்ளியுமாக அலைக்கோடுகள். அது அந்த ஊரின் ஆறு. முடி வெள்ளி, நான்கு கோபுரங்கள். கொடி மஞ்சளும் சிவப்புமாக நான்கு கட்டங்கள். இந்தச் சிவப்பும் மஞ்சளும் கோட்டையிலிருந்து வந்தவை. கேடயத்தில் 'பொன்' என்று எழுதுகிறவர்கள் கொடித்துணியைச் சொல்லும்போது 'மஞ்சள்' என்றும், மீண்டும் கயிற்றுக்கும் குஞ்சத்துக்கும் 'பொன்' என்றும் எழுதுவதைக் கவனித்தேன். துணிக்கு மஞ்சள் சாயம் போடலாம். பொன்னை நூலால் மட்டுமே தைக்க முடியும். வாசகத்தை எழுதியவர்கள் தையற்காரரையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

நிறமும் திசையும் மரமும் விவாதமின்றித் திருத்தப்பட்டன. முடிதான் எங்களைப் பிரித்தது. ஊர் இன்று நகரம். 1991 சட்டம் நகரத்துக்கு ஐந்து கோபுரம் தருகிறது. எனவே ஐந்துதான் சரி என்று இருவர் சொன்னார்கள். அவர்கள் வாதத்தில் பொருள் இருந்தது. நகராட்சியே ஐந்து கோபுரத்தைக் கடிதத்தாளில் பயன்படுத்துகிறது அல்லவா?

எனக்கும் மற்ற இருவருக்கும் வேறு கருத்து. ஐந்து கோபுரத்துக்கு அந்த ஊர் உரிமை பெற்றிருக்கிறது. ஆனால் உரிமை பெறுவது ஒன்று, அதை எடுத்துக்கொள்வது இன்னொன்று. சின்னம் மாற வேண்டுமானால் நகராட்சி முன்மொழிய வேண்டும். தொல்லியலாளர் சங்கத்தின் மரபுச்சின்னக் குழு கருத்துரை தர வேண்டும். நகராட்சிப் பேரவை ஏற்க வேண்டும். அரசிதழில் வெளியாக வேண்டும். உயர்வுக்குப் பிந்தைய ஆண்டுகளின் அரசிதழை எங்களில் இருவர் தனித்தனியே தேடினோம். புதிய வாசகம் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மேலும், கடிதத்தாளில் முடி ஐந்து கோபுரமாக மாறியும் கொடி எட்டுத் துண்டாக மாறவில்லை. முறைப்படி மாற்றியிருந்தால் இரண்டும் சேர்ந்தே மாறியிருக்கும். யாரோ ஒரு வரைகலைஞர் முடியை மட்டும் மாற்றியிருக்கிறார் என்றுதான் அது காட்டியது.

அப்போது எங்களுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. விதிப்படி இருக்க வேண்டியதை வரைவது. நடைமுறையில் புழங்குவதை வரைவது. வெளியான வாசகத்தை வரைவது. மூன்றாவதைத் தேர்ந்தோம். விதியிலிருந்து ஊகித்து வரைந்த முதல் வழியால்தான், எங்குமே இல்லாத கொடி ஒன்றை ஒரு சிறுமி பள்ளியில் வரைந்தாள். இரண்டாவது வழி நிலையற்றது. அடுத்த கடிதத்தாள் அச்சாகும்போது அது மாறிவிடும். வாசகத்துக்கு மட்டுமே தேதியும் கையொப்பமும் இருந்தன. முதன்மைப் படமாக நான்கு கோபுரச் சின்னத்தையும் நான்கு கட்டக் கொடியையும் வைத்தோம். கடிதத்தாள் வடிவத்தை 'புழக்கத்தில் காணப்படுவது' என்ற தலைப்பில் அருகே வைத்தோம். மாற்றுக்கருத்துக் கொண்ட இருவரின் காரணத்தையும் அவர்களே எழுதிய சொற்களில் குறிப்பாகச் சேர்த்தோம். பெரும்பான்மையால் அதை அழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எங்கள் பழைய படத்தை நீக்கினோம். ஆனால் சத்தமின்றி நீக்கவில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தவறான படம் இருந்தது, என்ன தவறு என்று நான்கு வரியில் அதே இடத்தில் எழுதினோம். இதற்கு ஒருவர் தயங்கினார். தொகுப்பின் நம்பகத்தன்மை குறையும் என்றார். படத்தை எடுத்துச்சென்றவர்கள் அது தவறு என்று அறிய வேறு வழி இல்லை என்பதால் எழுதினோம்.

பின்பு நடந்தவை

ஆசிரியருக்கு மன்னிப்பும் திருத்திய படமும் அனுப்பினோம். அவர் பதிலில் ஒரு சிறு திருத்தம் இருந்தது. செஸ்ட்நட் இலையின் ஓரம் பல்பல்லாக இருக்க வேண்டும், நாங்கள் ஓக் மர இலைபோல் வரைந்திருக்கிறோம் என்று இலை ஒன்றைத் தாளில் ஒட்டிப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அன்றே மாற்றினோம்.

நகராட்சி அலுவலகத்துக்கும் எழுதினோம். குறை கூறும் நோக்கமில்லை. எங்களிடம் உள்ள வாசகத்துக்குப் பிந்தைய வாசகம் ஏதேனும் உண்டா என்று மட்டும் கேட்டோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஏழு வாரம் கழித்து ஆசிரியர் நேரில் போய்க் கேட்டார். ஆவணப் பிரிவில் இருந்த ஊழியர் ஒருவர் அக்கறையோடு பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஊர் உயர்ந்த காலத்தில் சின்னத்தை மாற்றலாமா என்ற பேச்சு கூட்டக் குறிப்பில் இருந்தது. முன்மொழிவு வரை அது போகவில்லை. முத்திரை இன்றும் பழைய வாசகப்படியே புழங்குகிறது. போர்த்துகீசிய விதிப்படி முத்திரையில் உருவங்கள் மட்டும் இருக்கும், நிறம் காட்டப்படாது. அதனால் சாம்பலா சிவப்பா என்ற கேள்வி அந்த அலுவலகத்தில் யாருக்கும் எழுந்ததே இல்லை.

கோட்டையின் நிறம் கடிதத்தாளில் திருத்தப்பட்டுவிட்டது. முடி ஐந்து கோபுரத்தோடுதான் இருக்கிறது. அதை மாற்றுவதா, அல்லது முறைப்படி நகரச் சின்னம் பெற்று எட்டுத் துண்டுக் கொடிக்குப் போவதா என்பதில் ஊரில் இரு கருத்துகள் இருப்பதாக ஆசிரியர் எழுதினார். வயதானவர்களுக்கு நான்கு கட்டக் கொடிமேல் பற்று அதிகம். நகரம் என்ற தகுதியைப் போராடிப் பெற்றவர்களுக்கு அந்த ஐந்தாவது கோபுரம் வேண்டும். இருவர் பக்கமும் எனக்கு மரியாதை உண்டு. சில ஆயிரம் பேர் வாழும் ஒரு மலையூர் தன் கொடியில் எத்தனை கோபுரம் என்று வாதிடுவதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. வடக்கு எல்லையில் உள்ள மொன்சாவ் தன் சின்னத்தில் அரசரை வைக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டு முற்றுகையில் ஊரே பட்டினி கிடக்க, கடைசி மாவில் சுட்ட ரொட்டிகளை மதிலிலிருந்து எதிரிகளிடம் வீசி, எங்களிடம் உணவு ஏராளம் என்று காட்டியதாகச் சொல்லப்படும் தெயு-லா-தெயு மார்டின்ஸ் என்ற பெண்ணைக் கையில் ரொட்டிகளோடு கோபுரத்தின்மேல் நிறுத்தியிருக்கிறது. எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதை ஊர்கள் கேடயத்தில்தான் முடிவுசெய்திருக்கின்றன.

இனி எப்படிச் செய்வோம்

வேலையின் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். முன்பு படங்களைச் சேர்த்து, ஒப்பிட்டு, வரைந்து, ஐயம் வந்தால் வாசகத்தைத் தேடினோம். இப்போது வாசகம் கையில் கிடைக்கும்வரை கோடு போடுவதில்லை. கிடைக்காவிட்டால் படத்தின் அடியில் 'வாசகம் காணப்படவில்லை. புழக்கத்திலிருந்து வரையப்பட்டது' என்று எழுதுகிறோம். எங்கள் போர்த்துகலப் படங்களில் இந்தக் குறிப்பைத் தாங்கியவை இன்னும் பல இருக்கின்றன.

கணினி மொழிபெயர்ப்பை விடவில்லை. ஆனால் அன்று தொடங்கிய சொல்தாள் இப்போது நூற்றுக்கு மேற்பட்ட சொற்களோடு வளர்ந்திருக்கிறது. புதியவர் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கொடுக்கிறோம். கொடியின் புகைப்படம் என்றால் நாடாவின் எழுத்து நேராகப் படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே அதைச் சான்றாகக் கொள்கிறோம். பெயர் ஒன்றே என்றால் நகராட்சியா பங்கா என்று முதலில் பிரிக்கிறோம். 2013இல் பங்குகளின் எண்ணிக்கை 4,200க்கு மேலிருந்து 3,092 ஆகக் குறைக்கப்பட்டபோது, இணைந்த பங்குகளின் பழைய சின்னங்கள் பல படங்களில் மட்டும் உயிரோடு நின்றுவிட்டன. அந்தப் பகுதியை இன்னும் நாங்கள் முழுமையாகச் சரிபார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று நினைக்கிறேன். ஊர்க்காரர் ஒருவரிடம் வரைவதற்கு முன்பே கேட்டிருக்கலாம். கொடி பறக்கிற இடத்தில் நிற்கிறவர் அதைப் பின்பக்கமிருந்தா முன்பக்கமிருந்தா பார்க்கிறோம் என்பதை ஒரு வரியில் சொல்லியிருப்பார். இப்போது ஒவ்வொரு நகராட்சிக்கும் அந்த ஊரின் நூலகத்துக்கோ பள்ளிக்கோ முதலில் ஒரு கடிதம் போகிறது. பதில் வருவது குறைவுதான்.

சென்ற மாதம் ஆசிரியர் மீண்டும் எழுதினார். நகராட்சிப் பேரவையில் புதிய சின்னத்துக்கான முன்மொழிவு பேசப்பட்டிருக்கிறது. இன்னும் வாக்கெடுப்புக்கு வரவில்லை. அது நிறைவேறி அரசிதழில் வந்தால், நான்கு கோபுரப் படத்துக்கு ஒரு முடிவுத் தேதி போட்டு, அதை அகற்றாமல், ஐந்து கோபுரப் படத்தை அதன் பக்கத்தில் வைப்போம். எட்டுத் துண்டுக் கொடியை இளையவர் வரைந்து தயாராக வைத்திருக்கிறார். இந்த முறை மஞ்சளும் சிவப்பும்.